கோப்புப் பரிமாற்றத்தின் வரலாறு: வேறுபட்ட கணினிகள் உடன்பட்டவாறு

ஒரு கணினியில் எழுதப்பட்ட கட்டுரையைப் பிறிதொரு கணினிக்கு அனுப்புதல் இற்றைநாட் பாடசாலை மாணவர்க்கும் எளிதான செயலாகும். அனுப்பும் கணினி விண்டோஸ் முறைமையின்கீழ் இயங்குவதாயிருக்கலாம். பெறும் கணினி லினக்ஸ் முறைமையின்கீழோ, அப்பிள் நிறுவனத்தாரின் முறைமையின்கீழோ இயங்குவதாயிருக்கலாம். அனுப்புவோர் இவ்வேறுபாட்டைச் சிறிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணவேண்டிய தேவை அவர்க்கு இல்லாதொழிந்தமை தானாக நிகழ்ந்ததன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சியின் பயனாகும்.

அம்முயற்சியின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். வேறுபட்ட கணினிகளைத் தம்முள் உறவாடச் செய்தது, ஒரு கணினி ஏனையவற்றை வென்று தன் வழக்கத்தை அவற்றின்மீது திணித்தமையன்று. ஒவ்வொன்றும் தன் வழக்கத்தைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு, புறத்தே செல்லும்போது யாவர்க்கும் பொதுவான வடிவமொன்றை மேற்கொள்ள உடன்பட்டமையே அதனைச் செய்தது. அவ்வுடன்பாடு எங்ஙனம் தோன்றியது, அது மறுக்கப்பட்ட இடத்து யாது நிகழ்ந்தது, தமிழெழுத்து அதனுள் எப்பொழுது சேர்ந்தது என்பனவற்றை முறையே நோக்குவோம்.

1. வேறுபாடு தோன்றியவாறு

கணினியின் உறுப்புக்களையும் அதன்கண் வைக்கப்படும் கோப்புக்களையும் ஆளும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். கோப்பு என்பது கட்டுரையாயினும் கணக்காயினும் படமாயினும் கணினியினுள்ளே எண்களின் நெடுவரிசையேயாகும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது இயற்கை விதியன்று. மக்கள் வகுத்துக்கொண்ட வழக்கமேயாகும். வழக்கம் வேறுபடின் பொருளும் வேறுபடும்.

1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் அஸ்கி என்னும் குறிமுறை நியமமாக வெளியிடப்பட்டது. ஏழு பிற்றுக்களால் 128 குறிகளுக்கு அது இடம் வகுத்தது. அதற்கடுத்த ஆண்டில், 1964 ஏப்ரல் 7ஆம் நாள், ஐ.பி.எம். நிறுவனத்தார் தமது புகழ்பெற்ற 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, துளையட்டைக் காலத்து வழக்கத்திலிருந்து வளர்ந்த எப்சிடிக் என்னும் வேறொரு குறிமுறையை அவற்றிற் கைக்கொண்டனர். அஸ்கியில் ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய 'ஏ' 65 என்னும் எண்ணாற் குறிக்கப்படும். எப்சிடிக்கில் அது 193 ஆகும். அன்றியும், அஸ்கியில் 'ஐ', 'ஜே' என்னும் எழுத்துக்கள் 73, 74 என அடுத்தடுத்து நிற்க, எப்சிடிக்கில் அவை 201, 209 என இடைவெளிவிட்டு நிற்கும். எனவே, எழுத்துக்கள் தொடர்ந்து எண்பெறும் என நம்பி எழுதப்பட்ட மென்பொருள் ஒன்று மற்றைக் கணினியிற் பிழைபட நேர்ந்தது. 1968 மார்ச் மாதத்தில் அமெரிக்க சனாதிபதி ஜோன்சன், கூட்டாட்சி அரசு இனி வாங்கும் கணினிகள் அஸ்கியைக் கையாளவல்லனவாய் இருத்தல்வேண்டும் எனப் பணித்தார். அதன் பின்னரும் ஐ.பி.எம். பெருங்கணினிகள் எப்சிடிக்கைக் கைவிட்டில.

எழுத்தோடு வேறுபாடு நின்றுவிடவில்லை. ஐ.பி.எம். 360 கணினி 32 பிற்றுக்களை ஒரு சொல்லாகக் கொண்டது. டிஜிற்றல் நிறுவனத்தாரின் பி.டி.பி. 10 என்னும் கணினியோ 36 பிற்றுக்களை ஒரு சொல்லாகக் கொண்டது. பின்னதிலே ஏழு பிற்று எழுத்துக்கள் ஐந்தனை ஒரு சொல்லில் அடைத்தபின் ஒரு பிற்று எஞ்சி வாளா கிடக்கும். பல பைற்றுக்களால் ஆகிய ஓர் எண்ணை எந்த முனையிலிருந்து எழுதுவது என்பதிலும் இருவேறு மரபுகள் இருந்தன. 1980 ஏப்ரல் 1ஆம் நாள் டானி கோகென் என்னும் கணினியறிஞர் இப்பூசலைப்பற்றி எழுதிய கட்டுரையிலே, முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிட்ட மக்களைப்பற்றிச் சுவிவ்ற் எழுதிய கலிவரின் கதையிலிருந்து பெயரெடுத்து, இருசாராரையும் பெருமுனையார், சிறுமுனையார் என அழைத்தார். நகைச்சுவையாகத் தோன்றிய அப்பெயர்களே இன்று பாடநூற்களிலும் நிலைபெற்றுள்ளன.

யாவரும் எளிதில் அறியக்கூடிய மற்றொரு வேறுபாடு வரியின் முடிவைக் குறிக்கும் முறையாகும். தட்டெழுத்துப்பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழும்: தாளைத் தாங்கும் வண்டி தொடக்கத்திற்கு மீளும்; தாள் ஒருவரி மேலே நகரும். தொலையச்சுப் பொறிகளில் இவ்விரு செயல்களுக்கும் இரு தனிக்குறிகள் வழங்கின. அவை அஸ்கியில் முறையே 13, 10 என்னும் எண்களைப் பெற்றன. சி.பி.எம்., டொஸ், விண்டோஸ் ஆகிய முறைமைகள் இரண்டனையும் சேர்த்து எழுதின. யூனிக்ஸ் பின்னதை மட்டும் எழுதியது. அப்பிளின் பழைய மக்கின்ரொஷ் முறைமையோ முன்னதை மட்டும் எழுதியது. யூனிக்ஸில் எழுதிய கட்டுரையை விண்டோஸின் நோட்பாட் என்னும் எழுதியிலே திறந்தால், பத்தியெல்லாம் குலைந்து ஒரே நெடுவரியாகத் தோன்றும். 2018ஆம் ஆண்டிலேதான் அவ்வெழுதி மூவகை வரிமுடிவையும் அறியும் ஆற்றலைப் பெற்றது. ஒரு சிறு குறியின் வேறுபாடு தீர எத்துணைக் காலம் சென்றது என்பது இதனாற் புலப்படும்.

2. நான்கு கணினிகளும் ஒரு வலையமைப்பும்

இவ்வேறுபாடுகள் யாவும் தனித்தனி இருந்த காலத்திற் பெருந்தீங்கு விளைவிக்கவில்லை. ஒரு நிலையத்தின் கோப்பை மற்றொரு நிலையத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பியோர் காந்தநாடாவிற் பதிந்து அனுப்பினர். பெற்றோர் தம் கணினிக்கேற்ப மாற்றும் மென்பொருளைத் தாமே எழுதிக்கொண்டனர். கணினிகள் கம்பியால் இணைக்கப்பட்டபோதே இடர் முழுவதும் வெளிப்பட்டது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிறுவனமாகிய ஆர்பா அமைத்த ஆர்பாநெற் என்னும் வலையமைப்பில், 1969ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு நிலையங்கள் இணைந்திருந்தன. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சிக்மா 7 என்னும் கணினியும், ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.டி.எஸ். 940 என்னும் கணினியும், சாந்தா பார்பராவில் ஐ.பி.எம். 360 வரிசையில் 75ஆம் மாதிரியும், யூற்றாப் பல்கலைக்கழகத்தில் பி.டி.பி. 10 உம் இருந்தன. நான்கும் நான்கு வகையின. ஒன்றன் பணிசெயல் முறைமை மற்றதற்குரியதன்று. ஒத்தனவற்றை மட்டும் இணைப்பது அவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. ஒவ்வாதனவற்றை இணைப்பதே நோக்கமாயிற்று.

1969 ஒக்ரோபர் 29ஆம் நாள் இரவு லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்ரான்போட் நிலையத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. உட்புகுதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலிரு எழுத்துக்களாகிய 'எல்', 'ஓ' என்பன சென்றடைந்தபின் மறுமுனையின் முறைமை செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னர் அக்குறை நீக்கப்பட்டு முழுச்சொல்லும் சென்றது. இந்நிகழ்ச்சியைப் பலரும் வியந்து கூறுவர். ஆயின், எழுத்துக்கள் சென்றடைதல் வேறு, கோப்பொன்று பொருள்கெடாது சென்றடைதல் வேறு என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பாதை அமைந்துவிட்டமையால் மட்டும் இரு நாட்டு வணிகர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வாரல்லர்.

இரண்டாவது தேவையை நிறைவேற்ற முற்பட்டவர் அபய் பூஷண் என்பவர். அவர் இந்தியாவின் அலகாபாத்திற் பிறந்தவர். கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் முதலணி மாணவருள் ஒருவர். பின்னர் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தை அடைந்தவர். இரு கணினிகள் தம்முள் உறவாடும்போது கைக்கொள்ளவேண்டிய விதிகளின் தொகுதியை நடப்பொழுங்கு என்பர். 1971 ஏப்ரல் 16ஆம் நாள் பூஷண் கோப்பு மாற்று நடப்பொழுங்கு என்னும் திட்டத்தை வெளியிட்டார். ஆர்பாநெற் ஆராய்ச்சியாளர் தம்முட் கருத்தறியும் பொருட்டு வெளியிட்டுவந்த குறிப்புக்களுள் அது 114ஆவதாகும். எவ்.ரி.பி. என்னும் சுருக்கப்பெயரால் அஃது இன்றும் அறியப்படுகின்றது.

3. பொது வடிவம்

பூஷணும் அவர்பின் வந்தோரும் கண்ட வழியின் சிறப்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பத்து வகையான கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஏனைய ஒன்பதன் வழக்கத்திற்கும் நேரே மாற்றவேண்டுமாயின், 90 மாற்றிகளை எழுதவேண்டும். பதினோராவது வகை ஒன்று தோன்றின், மேலும் 20 மாற்றிகள் வேண்டப்படும். இதற்கு மாறாக, நடுவே பொது வடிவமொன்றை வகுத்து, ஒவ்வொரு கணினியும் தன் வழக்கத்தைப் பொது வடிவமாகவும், பொது வடிவத்தைத் தன் வழக்கமாகவும் மாற்றக் கற்றுக்கொண்டால், பத்துக் கணினிக்கும் 20 மாற்றிகளே போதும். புதிய வகை தோன்றின் இரண்டு மட்டும் கூடும். அதன் வருகையால் ஏனையவற்றுள் எதுவும் மாறவேண்டுவதில்லை.

எழுத்தாலாகிய கோப்புக்கு எவ்.ரி.பி. வகுத்த பொது வடிவம் அஸ்கியாகும். வரியின் முடிவிலே 13, 10 என்னும் இரு குறிகளும் சேர்ந்துவரும். ஐ.பி.எம். கணினி தன் எப்சிடிக் எழுத்தை அஸ்கியாக்கி அனுப்பும். யூனிக்ஸ் கணினி அதனைப் பெற்றுத் தன் வழக்கப்படி 10 என்னும் குறியை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒன்று மற்றதன் உள்ளமைப்பை அறியவேண்டுவதில்லை. பொது வடிவம் கட்டாயமுமன்று: எப்சிடிக்கையே வழங்கும் இரு கணினிகள் தம்முள் அவ்வடிவிலேயே பரிமாற இடமளிக்கப்பட்டது. படம், மென்பொருள் முதலியவற்றைப் பிற்றுக்கூட மாறாது அவ்வாறே அனுப்புதற்கும் தனிவகை ஒன்று வகுக்கப்பட்டது.

இவ்வகையைத் தெரிதல் பயன்படுத்துவோரின் பொறுப்பாயிருந்தமையால் ஒரு பொதுப்பிழை நெடுங்காலம் நிலவியது. படமொன்றை எழுத்துக்கோப்பென அனுப்பினால், அப்படத்தினுள்ளே தற்செயலாக 10 என்னும் எண் வருமிடமெல்லாம் வரிமுடிவு எனக் கருதப்பட்டு மாற்றப்படும். கோப்பு முழுவதும் சென்றடையும், படமோ திறவாது. பொருளறிந்தே மாற்றவேண்டும், பொருளறியாவிடத்து மாற்றாது விடவேண்டும் என்னும் விதியை இப்பிழை கற்பித்தது.

பிறிதொரு நுட்பமும் கருதத்தக்கது. இந்நடப்பொழுங்கிலே பெறும் கணினி அளிக்கும் ஒவ்வொரு மறுமொழியும் மூன்றிலக்க எண்ணொன்றோடு தொடங்கும். முதலிலக்கம் 2 எனின் செயல் நிறைவேறியது. 4 எனின் தற்காலிகத் தடை. 5 எனின் நிலையான மறுப்பு. எண்ணைத் தொடர்ந்து ஒரு சொற்றொடர் வரும். எண் கணினிக்குரியது, சொற்றொடர் மனிதர்க்குரியது. ஆதலின் சொற்றொடர் எந்த மொழியில் அமைந்தாலும் கணினி தடுமாறாது.

இந்நடப்பொழுங்கு பலமுறை திருத்தப்பட்டு, 1985 ஒக்ரோபரில் ஜோன் பொஸ்ரல், ஜோய்ஸ் றெனோல்ட்ஸ் என்பாரால் 959ஆம் குறிப்பாக வெளியிடப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளரிடையே பிறந்தமையால், கடவுச்சொல்லையும் மறைக்காது வெளிப்படையாகவே அது கொண்டுசென்றது. வலையமைப்பு உலகெங்கும் விரிந்தபோது இதுவே அதன் பெருங்குறையாயிற்று. 1995ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டவராகிய ரத்து ஈலொனென், தாம் பணியாற்றிய பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்டு, செய்தியை மறைகுறியாக்கிக் கொண்டுசெல்லும் எஸ்.எஸ்.எச். என்னும் நடப்பொழுங்கை ஆக்கினார். கோப்புப் பரிமாற்றமும் படிப்படியாக அதன் பாதுகாப்பின்கீழ் வந்தது. 2021ஆம் ஆண்டிலே குரோம், பயர்பொக்ஸ் ஆகிய இணைய உலாவிகள் எவ்.ரி.பி.யை முற்றாக நீக்கிவிட்டன. ஆயினும், நடுவே ஒரு பொது வடிவம் வேண்டும் என்னும் அதன் அடிப்படைக் கொள்கை நீங்கவில்லை.

4. வலையமைப்பு எட்டாதவர்க்கு ஒரு வழி

ஆர்பாநெற் ஒரு சில நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. 1970களின் பிற்பகுதியிலே சிறுகணினிகள் பெருகத் தொடங்கியபோது, அவற்றைப் பயன்படுத்துவோர்க்கு அவ்வலையமைப்பு எட்டவில்லை. இக்குறையை நீக்கியவற்றுட் சிறந்தது நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டு தோன்றிய கேர்மிற் என்னும் நடப்பொழுங்காகும். பிராங் டா குரூஸ், பில் கச்சிங்ஸ் என்போர் அதனை ஆக்கினர். தொலைக்காட்சியில் மக்கள் விரும்பிக் கண்ட தவளைப் பாவையொன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்தது மாணவரின் தேவையேயாகும். பல்கலைக்கழகப் பெருங்கணினியில் மாணவர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறிது. தம் கோப்புக்களை நெகிழ்வட்டுக்களிற் சேமித்துக்கொள்ள வாய்ப்பிருப்பின் அவ்விடர் நீங்கும். நெகிழ்வட்டைக் கையாளவல்லவை சிறுகணினிகளே. ஆகவே, டிஜிற்றல் நிறுவனத்தாரின் பெருங்கணினி, ஐ.பி.எம். பெருங்கணினி, சி.பி.எம். முறைமையில் இயங்கிய சிறுகணினி ஆகிய மூன்றும் கோப்பைப் பரிமாறவேண்டியிருந்தது.

இவற்றை இணைத்தவை மனிதர் தட்டெழுதுதற்கென அமைந்த சாதாரண முனையக் கம்பிகளாகும். அக்கம்பிகளூடாகச் செல்லும் சில கட்டுப்பாட்டுக் குறிகளை இடையிலுள்ள முறைமைகள் தமக்கிடப்பட்ட கட்டளைகள் எனக் கருதி விழுங்கிவிடும். ஆதலின் கேர்மிற் அக்குறிகளை நேரே அனுப்பாது, அச்சிடத்தக்க எழுத்துக்களாக மாற்றி, மாற்றப்பட்டதைக் காட்டும் அடையாளக்குறி ஒன்றை முன்னிட்டு அனுப்பியது. கோப்பு முழுவதும் நூறு எழுத்துக்கும் குறைந்த சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பொதியும் தன் வரிசையெண்ணையும், பிழையறிதற்கான கூட்டுத்தொகையையும் தாங்கிச் சென்றது. பெற்றது சரியெனின் மறுமுனை ஏற்புரைக்கும். பிழையெனின் அப்பொதி மீண்டும் அனுப்பப்படும். இடையிலுள்ள பாதை எத்துணைக் குறையுடையதாயினும் பொருள் கெடாது சென்றடைதற்கு இவ்வமைப்பு வழிசெய்தது.

கேர்மிற்றின் விதிகளைப் பல்கலைக்கழகத்தார் மறைத்து வைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் 'பைற்' என்னும் இதழிலே அவை விரிவாக வெளியிடப்பட்டன. பல நாட்டு நிலையங்களிலுமிருந்த கணினியாளர் தத்தம் கணினிக்கு ஏற்ற கேர்மிற்றைத் தாமே எழுதி, அதனைக் கொலம்பியாவுக்கு அனுப்பினர். அது மீண்டும் யாவர்க்கும் வழங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கணினி வகைகளுக்கு அது பரவியமைக்கு இவ்வெளிப்படைத்தன்மையே காரணமாகும்.

5. உடன்பாடு மறுக்கப்பட்டபோது

பொது வடிவத்தை யாவரும் மனமுவந்து வெளியிட்டனர் எனக் கொள்ளுதல் தவறாகும். அலுவலகங்களில் ஒரு கணினியின் வட்டிலுள்ள கோப்பைப் பிற கணினிகளும் தம்முடையதுபோலத் திறத்தற்கு எஸ்.எம்.பி. என்னும் நடப்பொழுங்கு வழங்கியது. 1980களிலே ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிய அதனை மைக்றோசொவ்ற் நிறுவனம் வளர்த்து விண்டோஸின் வழக்கமாக்கியது. அவ்வளர்ச்சியின் விவரங்கள் முழுமையாக வெளியிடப்படவில்லை. வெளியார் எவரும் அம்மொழியைக் கற்றுக்கொள்ள இலக்கணநூல் இல்லாத நிலை அது.

1991ஆம் ஆண்டின் இறுதியிலே, கன்பரா நகரில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல் டொஸ் முறைமையில் இயங்கிய தம் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புக்களை அணுக விரும்பினார். டிஜிற்றல் நிறுவனத்தாரின் மென்பொருளொன்று கம்பியிலே அனுப்பும் செய்திகளைக் கவனித்து, எவ்வினாவுக்கு எவ்விடை வருகின்றது எனக் குறித்து, அவ்விடையை அளிக்கவல்ல மென்பொருளை எழுதினார். அது மைக்றோசொவ்ற் வழங்கிய மொழியே என்பதைப் பின்னரே அவர் அறிந்தார். பிறநாட்டுக்குச் சென்றவன் அகராதியும் ஆசிரியனும் இன்றி, உணவுச்சாலையில் அமர்ந்து பிறர் கேட்பதையும் பணியாளர் கொண்டுவருவதையும் நோக்கி மொழியைக் கற்றுக்கொள்ளும் முறைக்கு இதனை அவர் ஒப்பிட்டார். அம்மென்பொருளுக்கு முதலிலிட்ட பெயரை வேறொரு நிறுவனம் உரிமைகோரியபோது, எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லை அகராதியிலே தேடிச் சம்பா என்னும் பெயரை அவர் தெரிந்தெடுத்தார்.

அதன் பின்னர் இவ்விடயம் நீதிமன்றம்வரை சென்றது. 2004 மார்ச் மாதத்தில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்றோசொவ்ற் நிறுவனத்துக்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது. பிறர் ஆக்கும் சேவையகங்கள் விண்டோஸோடு உறவாடுதற்கு வேண்டிய விவரங்களை வெளியிடவேண்டும் எனவும் அது பணித்தது. 2007 செப்ரெம்பர் 17ஆம் நாள் ஐரோப்பிய முதனிலை நீதிமன்றம் அத்தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. அவ்வாண்டு திசெம்பரில் சம்பாக் குழுவினர்க்கெனப் பத்தாயிரம் யூரோ கட்டணத்துக்கு அவ்விதிகள் பெறப்பட்டன. பதினாறு ஆண்டுகளாகக் கேட்டறிந்து கற்ற மொழிக்கு இலக்கணநூல் அப்பொழுதே கைக்கு வந்தது.

வட்டுக்களின் வரலாறும் இதனைப் போன்றதே. டொஸ் காலத்து வட் என்னும் வட்டமைப்பு எல்லாக் கணினிகளும் அறிந்ததாய் வழக்கால் ஒரு பொது வடிவமாயிற்று. ஆயினும், அதன் பிற்கால வடிவமும் நான்கு கிகாபைற்றை எட்டிய தனிக்கோப்பை ஏற்காது. அக்குறையை நீக்கிய எக்ஸ்வட் என்னும் அமைப்பை மைக்றோசொவ்ற் 2006ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன் விதிகள் 2019 ஓகத்து மாதத்திலேதான் பகிரங்கமாக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் லினக்ஸின் கருவில் அஃது இடம்பெற்றது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சேமிப்புக்கோல் எக்கணினியிலும் திறக்கும் என்னும் எளிய வசதியின் பின்னால் பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு உண்டு.

6. தமிழெழுத்து அடைந்த இடம்

இதுகாறும் கூறியவற்றில் 'எழுத்து' என்றது ஆங்கில எழுத்தையே. அஸ்கியின் 128 இடங்களுள் தமிழுக்கு இடமில்லை. ஆதலின், தமிழைக் கணினியில் எழுத முற்பட்டோர் ஆங்கில எழுத்துக்களின் எண்களுக்கே தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களை ஆக்கினர். இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அவ்வகையினது. பாமினியில் 'தமிழ்' என எழுதினால், கணினியினுள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கோப்பை அனுப்பினால், ஒரு பிற்றும் கெடாது அது சென்றடையும். ஆயின் ஒரு சொல்லும் வாசிக்க இயலாது.

கோப்புப் பரிமாற்றத்தின் உண்மையான எல்லை இதனால் விளங்கும். எண்கள் சென்றடைதல் மட்டும் போதாது. எண்ணின் பொருளைப்பற்றிய உடன்பாடும் உடன்செல்லவேண்டும். 1990களிலே தமிழுக்கு அவ்வுடன்பாடு இல்லை. உடன்பாடுகள் பல இருந்தன. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் இணையவழிக் கலந்துரையாடி வகுத்த திஸ்கி ஒன்று; 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற தாம், தாப் என்பன வேறு; பாமினி வேறு. முன்னர்க் கூறிய பத்துக் கணினிக் கணக்கு இங்கே தமிழுக்குள்ளேயே மீண்டும் எழுந்தது.

இதற்குத் தீர்வாக அமைந்தது உலகமொழிகள் யாவற்றின் எழுத்துக்கும் தனித்தனி எண் வகுக்கும் யூனிகோட் ஆகும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1992 செப்ரெம்பரில் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் அவ்வெண்களைப் பைற்றுக்களாக எழுதும் யூ.ரி.எவ். 8 என்னும் முறையை வகுத்தனர். பழைய அஸ்கிக் கோப்பு எதுவும் இம்முறையில் மாற்றமின்றியே செல்லும். பெருமுனை, சிறுமுனை என்னும் பூசலுக்கும் இதில் இடமில்லை. 'தமிழ்' என்னும் சொல் இம்முறையிலே த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறிகளாய், ஒவ்வொன்றும் மூன்று பைற்றாக, 15 பைற்றுக்களைப் பெறும். இடம் மிகுதியாயினும், அது எக்கணினியிலும் தமிழாகவே நிற்கும்.

இவ்வுடன்பாட்டுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடு ஒன்று எஞ்சியது. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோட்டில் இருவகையாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதுதல் ஒன்று, ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து எழுதுதல் மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. அப்பிள் நிறுவனத்தார் 1998இல் வெளியிட்ட கோப்பு முறைமை கோப்பின் பெயரைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸோ தந்தவாறே சேமிக்கும். ஆதலின் 'கொழும்பு' எனப் பெயரிட்ட கோப்பொன்று ஒன்றிலிருந்து மற்றதற்குச் சென்றபோது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் தோன்ற இடமுண்டாயிற்று. உடன்பாட்டை விதியாக எழுதுதல் ஒரு பணி. அதனை யாவரும் ஒருபடித்தாகக் கைக்கொள்ளுதல் மற்றொரு பணி.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வேறுபாடு ஒழிந்தமையால் ஒற்றுமை பிறக்கவில்லை என்பது தெளிவாகும். எப்சிடிக் இன்றும் பெருங்கணினிகளில் வழங்குகின்றது. வரிமுடிவுக் குறிகள் இன்றும் ஒன்றல்ல. அவற்றை வைத்துக்கொண்டே உறவாடும் வழியே கண்டறியப்பட்டது. அவ்வழி நிலைத்தற்கு வேண்டியது ஒன்று: பொது வடிவத்தின் விதிகள் யாவர்க்கும் வெளிப்படையாய் இருத்தல். வெளிப்படையாயிருந்த எவ்.ரி.பி.யும் கேர்மிற்றும் சில ஆண்டுகளிற் பரவின, மறைக்கப்பட்ட எஸ்.எம்.பி.யின் விதிகளைப் பெறப் பதினாறு ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் மேற்கொள்ளவேண்டிய பணியும் ஒன்றுண்டு. 1990களிலும் அதன் பின்னரும் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட மலர்கள், சங்க அறிக்கைகள், நினைவுக் கட்டுரைகள் பல பாடசாலைகளிலும் பழைய மாணவர் இல்லங்களிலும் நெகிழ்வட்டுக்களிலும் குறுவட்டுக்களிலும் கிடத்தல் கூடும். அவற்றின் எண்கள் கெடாதிருப்பினும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்னும் அறிவு மறையுமாயின் அவை பொருளற்றனவாகிவிடும். அந்த அறிவு இன்னும் உயிரோடிருக்கும் காலம் இது. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, வெளிப்படையான விதிகளையுடைய கோப்பு வடிவத்திற் சேமித்து வைத்தல் கணினி கற்கும் எம் மாணவர் ஒரு விடுமுறைக்குள்ளே செய்யத்தக்க பணியாகும். ஆசிரியரும் பழைய மாணவரும் தம்மிடமுள்ளவற்றை அவர்கையிற் கொடுத்து உதவுவாராக.